அமாவாசை பார்த்துப் புறப்படுங்கள்: கோல சிலாங்கூரில் ஒரு பகலும் ஓர் இரவும்

மலேசியாவின் கோல சிலாங்கூருக்குக் கிளம்பும் முன் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் தமிழ் நாட்காட்டியை எடுத்துப் பாருங்கள். பள்ளி விடுமுறை, சனி ஞாயிறு என்று நாள் குறித்துப் போகிறவர்கள் பாதிப் பேர் பாதி ஊரைத்தான் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். இங்கே பகலில் பார்க்க வேண்டிய, வானத்தைக் கண்ணாடிபோல் காட்டும் ‘ஸ்கை மிரர்’ மணல்திட்டும், இரவில் பார்க்க வேண்டிய மின்மினியும் நிலவின் கணக்குப்படிதான் நடக்கின்றன. இரண்டும் ஒத்துவருவது அமாவாசையை ஒட்டிய சில நாள்களில் மட்டும்.

கணக்கு இதுதான். மணல்திட்டு கரையிலிருந்து வெகுதூரம் தள்ளிக் கடலுக்குள் இருக்கிறது. கடல்நீர் மிகவும் வற்றினால்தான் தலைகாட்டும். அப்படி வற்றுவது அமாவாசை, பௌர்ணமி இரண்டையும் ஒட்டிய நாள்களில். சீனர் மாதத்தின் முதல் நாளையும் பதினைந்தாம் நாளையும் வைத்துப் படகுக்காரர்கள் அட்டவணை போடுவதும் இதனால்தான். ஆனால் பௌர்ணமியில் போனால் அன்றிரவு மின்மினி ஏமாற்றிவிடும். பூச்சி மரத்தில்தான் இருக்கும், நிலா வெளிச்சத்தில் அதன் ஒளி எடுபடாது. மின்மினி மட்டும் போதும் என்றால் தேய்பிறைப் பஞ்சமியிலிருந்து வளர்பிறைத் திருதியை வரை எந்த நாளும் சரி; தேய்பிறையில் நிலா இரவு பத்து மணிக்குப் பிறகுதான் எழும், அதற்குள் படகுச் சவாரி முடிந்துவிடும். இரண்டும் வேண்டுமானால் அமாவாசைக்கு முதல் நாளிலிருந்து திருதியைக்குள் போய்விடுங்கள். அதிலும் வார நாளாகப் பார்த்தால் கூட்டம் இராது.

அடுத்தது, நான்கு பேராகச் சேருங்கள். மின்மினி பார்க்கப் போகும் கம்போங் குவாந்தானில் துடுப்புப் போடும் சம்பானில் நான்கு பேர் உட்காரலாம், கட்டணமும் படகுக்குத்தான். செயலியில் கூப்பிடும் கிராப் காரிலும் நான்கு பேர்தான். இரண்டு பேராகப் போனால் இந்தச் செலவு ஆளுக்கு இரட்டிப்பாகும். சில்லறை நோட்டாக வெள்ளியை (ரிங்கிட்) கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றோரத்தில் கைப்பேசி அலை எப்போதும் கைகொடுக்கும் என்று நம்ப வேண்டாம்.

கோலாலம்பூரிலிருந்து காரில் போனால் லாத்தார் நெடுஞ்சாலை வழி ஈஜோக் பக்கம் இறங்கலாம், ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம். சாலைக் கட்டணத்துக்கு டச் அன் கோ அட்டையில் பணம் இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். பஸ்ஸும் உண்டு. பஸ்ஸில் போகிறவர்களுக்குச் சிக்கல் போகும்போது வராது, திரும்பும்போதுதான். கம்போங் குவாந்தான் கோல சிலாங்கூர் டவுனிலிருந்து ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர் உள்ளே, பத்தாங் பெர்ஜுந்தை போகும் சாலையில் இருக்கிறது. இரவு ஒன்பது மணிக்கு அங்கே பஸ் கிடையாது, கிராப் கூப்பிட்டாலும் கார் வருவது அரிது. கொண்டுவந்து விடும் காரோட்டியிடமே திரும்பக் கூட்டிப்போகவும் விலை பேசி, அவர் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலில் மணல்திட்டு. படகு புறப்படும் நேரம் நிலையானது அல்ல. வற்றும் நேரம் நாளுக்கு நாள் சராசரியாக 50 நிமிடம் பின்னால் தள்ளிப்போகும். நேற்றுப் போன நண்பர் சொன்ன நேரத்தை நம்பி இன்று போகக் கூடாது. முதல் நாளே படகுக்காரரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். வேகப்படகில் அரை மணி நேரம், திட்டில் சில மணி நேரம், அவ்வளவுதான். அங்கே ஒரு மரமும் இல்லை, கூரையும் இல்லை. தொப்பி, கை மூடும் சட்டை, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், கைப்பேசிக்கு நீர் புகாத பை, மாற்று உடை எல்லாம் வேண்டும். தண்ணீருக்குள் கிளிஞ்சல் கிடக்கும் என்பதால் பாதத்தைத் தேய்த்து நடக்காமல் தூக்கி வையுங்கள்.

படம் சரியாக வராமல் போவதற்கு இரண்டு காரணம். ஒன்று காற்று: மணல்மேல் நிற்கும் மெல்லிய நீர்ப்படலம்தான் கண்ணாடி, காற்றடித்தால் அது கலைந்துவிடும். மற்றது நம் கால்: ஆளாளுக்கு நடந்துகொண்டே இருந்தால் நீர் அசைந்துகொண்டே இருக்கும். நான்கு பேரும் இடம் பிடித்து, அரை நிமிடம் அசையாமல் நின்று, பிறகு எடுங்கள். எடுப்பவர் கைப்பேசியைத் தலைகீழாகத் திருப்பி, கேமரா லென்ஸ் நீரைத் தொட்டுவிடும் அளவுக்குத் தாழ்த்த வேண்டும். சிவப்பு, மஞ்சள் உடை நன்றாக எடுபடும். வெள்ளையும் சாம்பலும் வானத்தோடு கலந்துவிடும். படகுக்காரர் ஏறச் சொன்னால் உடனே ஏறிவிடுங்கள். தட்டையான திட்டில் நீர் ஏறத் தொடங்கினால் நாலா பக்கமும் ஒரே நேரத்தில் ஏறும்.

பகல் சூட்டில் வேறெங்கும் அலைய வேண்டாம். குளித்து, சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டு மாலை நான்கரை மணிக்கு மேல் புக்கிட் மெலாவாத்தி ஏறுங்கள். சிறிய குன்றுதான், நடந்தே ஏறலாம். 1784-ல் டச்சுக்காரர்கள் பிடித்து ஆல்திங்ஸ்பர்க் என்று பெயரிட்ட கோட்டையின் மிச்சம், பீரங்கிகள், 1907-ல் கட்டிய கலங்கரை விளக்கம் எல்லாம் மேலே இருக்கின்றன. நோன்பு மாதத்துக்குப் பிறை பார்க்கும் இடங்களில் இந்தக் குன்றும் ஒன்று. மேற்கே மறைப்பு ஏதும் இல்லாமல் கடல் வரை தெரிவதே அதற்குக் காரணம்.

குரங்கு இரண்டு வகை, குணமும் இரண்டு வகை. சாம்பல் நிற லோத்தோங் சாது, இலை தின்பது. அதன் குட்டி மட்டும் ஆரஞ்சு நிறத்தில் பிறக்கும், பார்க்கப் பார்க்க அலுக்காது. நீள்வால் குரங்கு அப்படியல்ல, பிளாஸ்டிக் பை சத்தம் கேட்டாலே பாய்ந்து பிடுங்கும். ரொட்டியும் கச்சானும் லோத்தோங்குக்குக் கொடுக்காதீர்கள். அதன் வயிறு இலைக்கு அமைந்தது. எதுவும் கொடுக்காமல் பார்த்துவிட்டு வருவதே அதற்கு நல்லது.

கோயிலுக்குப் போக விரும்புகிறவர்களுக்குக் கிள்ளான் சாலையில் புக்கிட் ரோத்தான் சிறீ சக்தி தேவஸ்தானம் இருக்கிறது. 51 சக்தி வடிவங்களையும் ஒரே இடத்தில் தரிசிக்கலாம். நடுப்பகலில் நடை சாத்தியிருக்கும், எனவே படகு தாமதமாகப் புறப்படும் நாளில் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பாலத்தைத் தாண்டிப் பாசிர் பெனாம்பாங் போனால் கடலுணவுக் கடைகள் உண்டு. செலவு எகிறும் இடம் இதுதான். நண்டு, இறால், மீனுக்கு எடைக்கணக்கு; பட்டியலில் விலை போடாமல் ‘அன்றைய விலை’ என்று இருந்தால் நூறு கிராமா, கிலோவா என்று கேட்டு, சமைக்கும் முன் கண்ணெதிரே நிறுக்கச் சொல்லுங்கள். ஒரு மீன், ஒரு கீரை, சோறு, நான்கு பேருக்கு அது போதும். இன்னும் சிக்கனம் வேண்டுமானால் பத்தாங் பெர்ஜுந்தைக்குப் போய்விடலாம். அந்தப் பக்கம் பல்கலைக்கழக மாணவர்கள் இருப்பதால் மலிவான சாப்பாட்டுக்குக் குறைவில்லை. பலகையில் பெஸ்தாரி ஜெயா என்றிருக்கும், நம் ஆட்களுக்கு இன்னும் பத்தாங்தான். வாழை இலைச் சோறு, ரொட்டி சானாய், தே தாரிக் எல்லாம் கிடைக்கும். போகிற வழியெல்லாம் செம்பனைதான். 1917-ல் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு நடந்த தென்னமரம் தோட்டம் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. உள்ளே போய்ப் படம் எடுக்க ஆசை வந்தால் வாசலில் ஜாகாவிடம் (காவலாளியிடம்) அனுமதி கேளுங்கள். அது இன்றும் வேலை நடக்கும் இடம்.

ஏழேகாலுக்குக் கம்போங் குவாந்தான் ஜெட்டியில் இருங்கள். எட்டு மணிக்குத்தான் நன்றாக இருட்டும், ஆனால் சீட்டு வாங்கும் வரிசை அதற்கு முன்பே நீண்டுவிடும். இங்கே துடுப்புச் சம்பான். புக்கிட் பெலிம்பிங் பக்கம் மின்மோட்டார்ப் படகு. முட்டிவலி உள்ள பெரியவர்களோடு போனால் மின்படகு வசதி. மற்றபடி சம்பானையே சொல்வோம், சத்தமில்லாமல் மரத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுபோவார்கள்.

மின்மினி கூடுவது ஆற்றோர பெரம்பாங் மரத்தில். ஆண் பூச்சிகள் வினாடிக்கு ஏறத்தாழ மூன்று முறை, மரம் முழுக்க ஒரே தாளத்தில் மினுங்கும். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் ஆகும் என்பதால் வரிசையில் நிற்கும்போதே கைப்பேசியை அணைத்துவிடுங்கள்; படகில் ஒருவர் திரையைத் திறந்தால் நான்கு பேர் பார்வையும் கெடும். ஃபிளாஷ் கூடவே கூடாது. ஃபிளாஷ் இல்லாமலும் படம் வராது, ஆடும் படகில் வெளிச்சம் கோடாக இழுத்துவிடும். கொசுவுக்கு முழுக்கைச் சட்டையும் நீளக் கால்சட்டையும் போடுங்கள். மருந்து பூசுவதானால் தங்கும் இடத்திலேயே பூசிவிடுங்கள், ஆற்றோரத்தில் தெளித்தால் மின்மினிக்கும் அதுதான் கதி. பூச்சியைப் பிடித்துக் குழந்தை கையில் கொடுக்காதீர்கள். வளர்ந்த மின்மினி சில வாரமே வாழும். அதன் புழு கரையோரச் சேற்றில் நத்தையைத் தின்று வளர்வது. மரத்தையும் சேற்றையும் ஆற்றுநீரையும் ஒருசேரக் காத்தால்தான் அடுத்த தலைமுறைக்கு இந்தக் காட்சி இருக்கும்.

மழைதான் திட்டத்தைக் குலைக்கும். அக்டோபர், நவம்பரில் மாலை இடிமழை அதிகம். மின்னல் இருந்தால் படகு விட மாட்டார்கள், விட்டாலும் கனமழைக்குப் பிறகு மினுக்கம் குறைவு. சீட்டு வாங்கும் முன்பே, மழை வந்தால் பணம் திரும்புமா, மறுநாள் வரலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இதற்காகவே இரண்டு இரவு தங்குவது நல்லது: முதல் இரவு மின்மினிக்கு வைத்துக்கொண்டால், மழை கெடுத்தாலும் இரண்டாம் இரவு கையில் இருக்கும். இரவில் காரோட்டித் திரும்புகிறவர்கள் தோட்டச் சாலையில் மெதுவாகப் போங்கள். விளக்கில்லாத வளைவில் மாடு படுத்திருக்கும்.