ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் மறதியும் மந்தமுமா இருக்காங்களா? ராத்திரி தூக்கத்த கவனிங்க

அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து மூணு மாசத்துல கை கால் ஓரளவு தேறிடுச்சு, ஆனா ஆள் மந்தமாவே இருந்தார். சாப்ட்டு கை கழுவிட்டு வந்து உக்காந்த உடனே "இன்னும் சாப்பாடு போடலயா"ம்பார், பேப்பர கையில வெச்சிகிட்டே தூங்கி விழுவார். ஸ்ட்ரோக்னா அப்படித்தான் இருக்கும்னு நாங்களும் விட்டுட்டோம், அது தப்பு. மூளையில அடிபட்டதால வர்ற மறதி வேற, தூக்கம் கெட்டுப்போய் அதுக்கு மேல ஏறி உக்கார்ற மந்தம் வேற, ரெண்டாவதுக்கு வைத்தியம் இருக்கு.

முதல் வேலை, ரெண்டு மூணு ராத்திரி பக்கத்துல முழிச்சிருந்து பாருங்க. அப்பா பலமா குறட்டை விடுவார், திடீர்னு சத்தம் நின்னுடும், நெஞ்சு மட்டும் ஏறி இறங்கும் ஆனா மூச்சு வராது, நான் போன்ல செகண்ட் எண்ணிகிட்டே இருப்பேன், இருபது போனதும் விக்கின மாதிரி ஒரு இழுப்பு இழுத்துட்டு மறுபடி குறட்டை. இதுதான் ஸ்லீப் ஆப்னியா. ஸ்ட்ரோக் வந்தவங்கள்ல பாதிக்கு மேல பேருக்கு இது இருக்கு, ஒல்லியா இருக்கறவங்களுக்கும் வரும். 10 செகண்டுக்கு மேல மூச்சு நிக்கிறது ஒரு மணி நேரத்துக்கு 5 தடவைக்கு மேல வந்தாலே கணக்குல எடுத்துக்குவாங்க. ஒவ்வொரு தடவையும் ஆக்சிஜன் இறங்குது, மூளை பாதி முழிச்சுக்குது, பகல்ல கேட்டது பார்த்தது மனசுல பதியுற அந்த ஆழ்ந்த தூக்கமே கிடைக்கறதில்ல.

அத அப்படியே வீடியோ எடுத்து நியூரோ டாக்டர்கிட்ட காட்டுங்க, வாயால சொல்றதவிட அது பேசும். ஸ்லீப் ஸ்டடி (தூங்கும்போது மூச்சையும் ஆக்சிஜனையும் அளக்கற டெஸ்ட்) எடுக்கச் சொல்வாங்க, தேவைப்பட்டா சிபேப் மெஷின் (மாஸ்க் வழியா காத்த அழுத்தி மூச்சுப்பாதை மூடாம வெக்கிற மெஷின்) தருவாங்க. கை வராதவங்களுக்கு மாஸ்க் மாட்டிவிட ஆள் வேணும், முதல்ல பகல்ல டிவி பாக்கும்போது அரை மணி நேரம் மாட்டி பழக்குங்க. மறதி பூரா போயிடும்னு சொல்லமாட்டேன், பகல் தூக்கம் குறையும், அதுவே பெரிய விஷயம்.

தூங்கலயேன்னு மெடிக்கல்ல அல்பிரசோலம் மாதிரி மாத்திரைய தயவுசெஞ்சு நீங்களா வாங்கிக் குடுக்காதீங்க, குழப்பம் கூடும், பாத்ரூம் போகும்போது விழுந்துடுவாங்க, ஆப்னியாவும் மோசமாகலாம். தூக்கம் வர்ற சளி மாத்திரையும் அதே கதைதான். நீர் பிரியற மாத்திரை சாயங்காலம் போடறாங்கன்னா காலைக்கு மாத்தலாமான்னு டாக்டர கேளுங்க.

காலையில திண்ணையிலயோ மொட்டை மாடியிலயோ அரை மணி நேரம் வெளிச்சத்துல உக்கார வைங்க. மத்தியானத் தூக்கம் அரை மணியோட, அதுவும் மூணு மணிக்குள்ள. சாயங்கால காபி வேண்டாம்.

ஞாபக டெஸ்ட் எடுக்கப்போறீங்கன்னா (கடிகாரம் வரையச் சொல்ற மோகா டெஸ்ட், 30 மார்க், தமிழ்லயும் இருக்கு) தூங்காத ராத்திரிக்கு மறுநாள் போகாதீங்க, போனாலும் டாக்டர்கிட்ட அத சொல்லிடுங்க. யார்கிட்டயும் பேசாம, சாப்பாடு பிடிக்காம, விடியக்காலமே முழிச்சு அழறாங்கன்னா அது டிப்ரஷனாவும் இருக்கலாம், ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் மூணுல ஒருத்தருக்கு வருது, அதயும் கேளுங்க.

ஒண்ணு மட்டும் காத்திருக்க வேண்டாம். நல்லா இருந்தவங்க திடீர்னு குழம்பினா சோடியம் குறைஞ்சிருக்கலாம், யூரின் இன்ஃபெக்ஷனா இருக்கலாம், அன்னிக்கே காட்டுங்க. கூடவே வாய் கோணுது, பேச்சு குளறுதுன்னா உடனே 108, எத்தன மணி வரைக்கும் நல்லா இருந்தாங்கன்னு குறிச்சு வைங்க, ஏன்னா மூளை ரத்தக்குழாய அடைக்கிற ரத்தக்கட்டிய கரைக்கிற ஊசிய பொதுவா 4.5 மணி நேரத்துக்குள்ள போட்டாகணும்.