ஒரு மாதம், ஆறு புத்தகங்கள்: வாசித்ததைக் குறித்துவைக்க ஒரு வழி

எட்டு வருடமாக வாசிப்புக் குறிப்பு எழுதுகிறேன். போன போகிக்கு அலமாரியை ஒழித்தபோது பழைய நோட்டுகள் கையில் கிடைத்தன. அங்கேயே தரையில் உட்கார்ந்து புரட்டினேன். எல்லாம் கதைச்சுருக்கம். யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள், கடைசியில் யார் செத்தார்கள். அதுதான் பின்னட்டையிலேயே அச்சடித்திருக்கிறதே! எந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று ஒரு வரியாவது வேண்டுமே? இல்லை. யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கக்கூடிய நோட்டுகள்.

அப்புறம் முறையை மாற்றினேன். இப்போது செய்வதைப் படிப்படியாகச் சொல்கிறேன். உதாரணத்துக்குப் போன மாதம் நான் வாசித்தவையே போதும். நீங்கள் முதல்முறை என்றால் ஆறு வேண்டாம், மூன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் பொறுக்குங்கள்

ஒரே ஆசிரியரின் நான்கு நாவல்களை வரிசையாக வாசித்தால் மூன்றாவதில் நமக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. வகை மாறினால் மனசும் வேறு மாதிரி வேலை செய்யும். என் பட்டியல் இது: உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்', குறுந்தொகை, புதுமைப்பித்தன் கதைகள், மலையாள எழுத்தாளர் பஷீரின் 'பால்யகால சகி', தொ. பரமசிவனின் 'அறியப்படாத தமிழகம்', ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. ஒரு சுயசரிதை, ஒரு சங்க நூல், சிறுகதை, மொழிபெயர்ப்பு, கட்டுரை, நாவல்.

எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் உ.வே.சா.வும் புதுமைப்பித்தனும் குறுந்தொகையும் இலவசமாகவே கிடைக்கிறார்கள். நான் குறுந்தொகையை மட்டும் உரையோடு வேண்டும் என்று கிளை நூலகத்தில் எடுத்தேன். திருப்பித் தரவேண்டிய தேதி இருந்தால் எனக்கு வேலை நடக்கும்.

பெரிய புத்தகத்தைக் கண்டு பயப்படாதீர்கள். 'என் சரித்திரம்' கையில் எடுத்தால் செங்கல் மாதிரி இருக்கும். ஆனால் அது 1940 முதல் ஆனந்த விகடனில் வாராவாரம் வந்த தொடர். 122 அத்தியாயங்கள், ஒவ்வொன்றும் ஒரு வாரத்துக்கான அளவு. ஒரு நாளைக்கு நான்கு என்று வைத்துக்கொண்டால் மாதம் முடியும்போது புத்தகமும் முடிந்துவிடும். நான் காலைக் காப்பியோடு இரண்டு, ராத்திரி இரண்டு என்று பிரித்துக்கொண்டேன்.

படி 2: மூன்று குறிகள்

ஒரு பென்சில், ஒரு கோடு போட்ட நோட்டு. இதற்கு மேல் ஒன்றும் வாங்காதீர்கள். அழகான நோட்டு வாங்கினால் அழகாக எழுதத் தோன்றும், அதோடு கெட்டது காரியம்.

வாசிக்கும்போது ஓரத்தில் மூன்றே குறிகள். பிடித்த இடத்தில் ஒரு கோடு. நம்ப முடியாத இடத்திலும் புரியாத இடத்திலும் கேள்விக்குறி. மூன்றாவது ஒரு புள்ளி: வாசித்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் சொந்த வாழ்க்கையிலிருந்து ஏதாவது சம்பந்தமில்லாமல் ஞாபகத்துக்கு வந்தால், அந்த வரிக்குப் பக்கத்தில் புள்ளி. என் அனுபவத்தில் கோடு போட்ட இடங்கள் மறுநாளே மங்கிவிடும். புள்ளிதான் கடைசிவரை நிற்கும்.

இரவல் புத்தகம் என்றால் அதில் பென்சிலே படக்கூடாது. பழைய பஸ் டிக்கெட்டுகளைச் சேர்த்துவைத்துக்கொண்டு அவற்றில் குறியையும் ஒன்றிரண்டு வார்த்தைகளையும் எழுதி அந்தப் பக்கத்தில் செருகிவிடுங்கள்.

படி 3: அன்றைக்கே ஐந்து வரி

தூங்கப் போவதற்கு முன் அன்றைய குறிகளைப் பாருங்கள். ஒன்றை மட்டும் எடுத்து, பக்க எண்ணும் தேதியும் போட்டு, ஐந்து வரி எழுதுங்கள். 'அருமையான நூல்', 'அனைவரும் வாசிக்க வேண்டும்', 'ஆசிரியரின் தமிழ்த்தொண்டு வியக்கவைக்கிறது' போன்றவற்றுக்கு என் நோட்டில் தடை. இவை எந்தப் புத்தகத்துக்கும் பொருந்தும்.

உதாரணமாக, 'என் சரித்திர'த்தில் ஒரு காட்சி. 1880-ஆம் வருடம். கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருக்கும் சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார் உ.வே.சா. வயது இருபத்தைந்து, காலேஜில் தமிழாசிரியர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, உலா என்று இவர் அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியார் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. இதெல்லாம் சரி, சீவக சிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்கிறார். படித்ததில்லை.

இந்த இடத்தில் பழைய நான் என்ன எழுதியிருப்பேன்? 'இச்சந்திப்பே சிந்தாமணிப் பதிப்புக்கு வித்திட்டது' என்று எழுதியிருப்பேன். உண்மைதான். 1887-இல் சிந்தாமணி அச்சேறியது. ஆனால் எனக்கு அந்தப் பக்கத்தில் விழுந்தது புள்ளி. நோட்டில் இருப்பதை அப்படியே தருகிறேன்:

'முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை. சிநேகிதன் கல்யாணத்தில் நான் வாசித்த மொழிபெயர்ப்பு நாவல்களை எல்லாம் ஒப்பித்து முடித்ததும், பந்தியில் பக்கத்து இலைக்காரர், நல்லது தம்பி, ஐம்பெருங்காப்பியத்தில் ஒன்றாவது முழுசாக வாசித்ததுண்டா என்று கேட்டார். ரசம் வந்தது, பேச்சை மாற்றிவிட்டேன். உ.வே.சா. பேச்சை மாற்றவில்லை. புத்தகத்தை வாங்கிக்கொண்டு வந்தார்.'

இவ்வளவுதான் குறிப்பு. இதில் உ.வே.சா. வாழ்க்கை வரலாறு இல்லை. அது வேண்டுமானால் புத்தகத்திலேயே இருக்கிறது.

படி 4: ஒரே இடத்துக்கு இரண்டு தேதி

இந்தப் படியைப் பலரும் விட்டுவிடுவார்கள். எனக்கு அதிகம் பிடித்தது இதுதான்.

குறுந்தொகையில் 401 பாட்டு. பெரும்பாலானவை நான்கு அடியிலிருந்து எட்டு அடிக்குள் முடிந்துவிடும். ஒரு நாளைக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். சங்கத் தமிழ் வராதே என்பவர்களுக்கு ஒரு வழி: முதலில் உரையைப் பார்க்காமல் இரண்டு முறை சத்தமாக வாசியுங்கள். பாதி வார்த்தை பிடிபடும். உடனே தோன்றியதை எழுதிவிடுங்கள், தப்பாக இருந்தால் இருக்கட்டும். உரையை மறுநாள் பாருங்கள்.

எனக்கு 167-ஆம் பாட்டில் நடந்தது இது. கூடலூர் கிழார் பாடியது. புதிதாகக் கல்யாணமான பெண் கட்டித் தயிரைக் காந்தள் போன்ற விரலால் பிசைகிறாள். கை துடைத்த சேலையைத் துவைக்காமல் அப்படியே உடுத்திக்கொள்கிறாள். தாளிப்புப் புகை கண்ணில் ஏறுகிறது. அவள் தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பை இனிது என்று சொல்லிக் கணவன் சாப்பிடுகிறான். அவள் முகம் நுண்ணிதாக மகிழ்ந்தது. அவ்வளவுதான் பாட்டு.

முதல் நாள் குறிப்பு: 'அம்மா புளிக்குழம்பு வைத்த அன்றைக்கெல்லாம் அப்பா முதல் வாய் போடும்வரை அடுப்படி வாசலிலேயே நிற்பாள். அப்பா நல்லாயிருக்கு என்று ஒரு நாளும் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. மறுசோறு போட்டுக்கொள்வார். அதுதான் பதில். இந்தப் பாட்டு எனக்குக் கோபத்தைக் கிளப்புகிறது. ஒரு நல்ல வார்த்தைக்கு இத்தனை புகையா?'

மறுநாள் உரையைப் பிரித்தேன். பாட்டுக்குக் கீழே கூற்று என்று ஒரு வரி இருக்கும், யார் யாரிடம் சொல்வது என்று. அதை முதல் நாள் நான் கவனிக்கவே இல்லை. இதைச் சொல்வது கவிஞரும் இல்லை, கணவனும் இல்லை. அந்தப் பெண்ணை வளர்த்த செவிலித்தாய், புது வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பெற்ற தாயிடம் சொல்கிறாள்.

இரண்டாம் குறிப்பு, அதன் அடியிலேயே, வேறு தேதியில்: 'அப்படியானால் இது கல்யாணம் பண்ணிக்கொடுத்த மகளைப் பற்றி இரண்டு பெண்கள் பேசிக்கொள்வது. அவள் அங்கே எப்படி இருக்கிறாள்? வேலை செய்யத் தெரியுமா? இருக்கிறாள், கை பழகாமல்தான் சமைக்கிறாள், சேலையில் துடைத்துக்கொள்கிறாள், ஆனால் அவன் நன்றாக இருக்கிறது என்றான், இவள் முகத்தை நான் பார்த்தேன். என் அக்காவைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த பெரியம்மாவும் இப்படித்தான் அடுப்பிலிருந்தே பேச்சை ஆரம்பித்தாள். அவன் என்ன சம்பளம் வாங்குகிறான் என்பதெல்லாம் அப்புறம்தான் வந்தது.'

முதல் குறிப்பை அடிக்காதீர்கள். என் கோபம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. இரண்டும் ஒன்றின் கீழ் ஒன்றாக இருக்கட்டும்.

படி 5: சந்தேகத்தையும் எழுதுங்கள்

கேள்விக்குறிகளுக்கு வருவோம். தொ. பரமசிவனை வாசிக்கும்போது அவை நிறைய விழும். உப்பு, எண்ணெய், உரல், உலக்கை என்று தினமும் கையில் படுகிற பொருளை எடுத்துக்கொண்டு அதன் பின்னால் எங்கேயோ போய்விடுவார். வேலைக்குக் கூலியாகச் சம்பா நெல்லும் அளத்து உப்பும் கொடுத்ததால் 'சம்பளம்' என்ற சொல் வந்தது என்று ஒரு செய்தி உப்பைப் பற்றிய கட்டுரையில் வருகிறது. படித்ததும் எழுந்து போய் வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். ராத்திரி நோட்டை எடுத்தபோதுதான், இவ்வளவு அழகாகப் பொருந்துகிற சொல்விளக்கத்தை நம்பலாமா என்று உறுத்தியது. அதையும் எழுதினேன். ஆசிரியர் பெரியவர், நாம் யார் கேள்வி கேட்க என்று தயங்காதீர்கள். உங்கள் நோட்டைப் பார்த்து யாரும் கோபித்துக்கொள்ளப்போவதில்லை.

சிரிப்புக்கு ஒரு சின்னக் குறிப்பு. 'சிரித்தேன்' என்று எழுதினால் ஒரு வருடம் கழித்து உங்களுக்கே காரணம் தெரியாது. எந்த வரியில் என்று எழுதுங்கள். புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் பிள்ளை தன் வைத்தியப் பத்திரிகைக்குக் கடவுளிடமே ஜீவிய சந்தா கேட்பார். யாருடைய ஜீவியம் என்று கடவுள் திருப்பிக் கேட்கிறார் பாருங்கள், அந்த இடம்.

படி 6: ஓடாத புத்தகம், எழுத வராத புத்தகம்

இரண்டும் வரும். தயாராக இருங்கள்.

'புயலிலே ஒரு தோணி'யை இதற்கு முன் இரண்டு தடவை பாதியில் வைத்திருக்கிறேன். 1972-இல் வந்த நாவல். சிங்கம்புணரியில் பிறந்து இளம் வயதிலேயே இந்தோனேசியாவுக்குப் போன ஆசிரியர், இரண்டாம் உலகப்போர் காலத்து மெடானையும் பினாங்கையும் எழுதியிருக்கிறார். தெருப்பெயரும் பிறமொழிச் சொல்லும் வந்துகொண்டே இருக்கும். எனக்குத் தடுக்கியது அங்கேதான். இந்த முறை சுமத்ராவும் மலாக்கா நீரிணையும் இருக்கிற வரைபடத்தைப் பக்கத்தில் விரித்துவைத்துக்கொண்டேன். புரியாத சொல்லுக்கு நிற்காமல் கேள்விக்குறி போட்டுவிட்டு நகர்ந்தேன். நூறு பக்கம் தாண்டியதும் அந்தச் சொற்கள் தாமாகவே பழகிவிட்டன, புது ஊருக்குக் குடிபோனால் தெருக்கள் பழகுகிற மாதிரி. வட்டிக்கடையில் அடுத்தாள், மேலாள் என்று ஆட்கள் வரும் பக்கங்களில்தான் எனக்குப் புள்ளிகள் அதிகம். புயலில் வந்தது ஒன்றே ஒன்று. நாவலின் பெயரே புயல், ஊரே அதைப் புகழ்கிறது, எனக்கு என்னவோ கடைத்தெருதான் ஒட்டியது. இதை எழுத முதலில் கூச்சமாக இருந்தது.

மூன்றாவது தடவையும் ஓடாவிட்டால்? வைத்துவிடுங்கள். எந்தப் பக்கத்தில் வைத்தீர்கள், ஏன் என்று இரண்டு வரி. அதுவும் குறிப்புதான்.

'பால்யகால சகி' நேர்மாறு. குளச்சல் மு. யூசுப்பின் மொழிபெயர்ப்பில் ஒரே மாலையில் முடிந்துவிட்டது. ஒன்றும் ஒன்றும் எவ்வளவு என்று வாத்தியார் கேட்க, இரண்டு ஆறுகள் சேர்ந்து ஒரு பெரிய ஆறாவதைப் பார்த்த சிறுவன் மஜீத், கொஞ்சம் பெரிய ஒன்று என்கிறான். அடி விழுகிறது. அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். ஆனால் கடைசிப் பக்கத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பேனா நகரவில்லை. அப்படிப்பட்ட நாளில் பக்க எண்ணை மட்டும் எழுதி, தேதி போட்டு, கீழே ஐந்து வரி காலியாக விடுங்கள். என் நோட்டில் அந்த ஐந்து வரி இன்னும் காலிதான்.

படி 7: மாதக் கடைசியில்

ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டை ஆரம்பத்திலிருந்து வாசியுங்கள். புத்தகத்துக்கு ஒரு பக்கம் மேல் எழுத வேண்டாம். புள்ளிகளிலிருந்து தொடங்குங்கள், கதை தேவைப்பட்ட அளவுக்கு மட்டும் உள்ளே வரட்டும். மதிப்பெண், நட்சத்திரம் எல்லாம் நான் போடுவதில்லை. குறுந்தொகைக்கு ஐந்துக்கு எத்தனை போடுவது?

கடைசியாக ஒரு வேலை. இரவல் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கும் முன் செருகிய டிக்கெட்டுகளை எண்ணி எடுங்கள். நான் எடுத்தேன் என்றுதான் நினைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து நோட்டோடு ஒப்பிட்டால் ஒன்று குறைகிறது. நூலகத்துக் குறுந்தொகையில், 167-ஆம் பாட்டுப் பக்கத்தில், ஒரு புள்ளியும் 'அம்மா, அடுப்படி வாசல்' என்ற வார்த்தைகளும் போட்ட டவுன் பஸ் டிக்கெட் ஒன்று இருக்கிறது. அடுத்த வாரம் போய்ப் பார்த்தேன், புத்தகத்தை யாரோ எடுத்துப்போயிருந்தார்கள்.