முதலில் சுருதியைப் பேசி முடியுங்கள்

மட்டக்களப்பில் கர்நாடக இசை விழா வைக்கப் போகிறீர்களா? மண்டபம், மாலை, பிரதம விருந்தினர் எல்லாம் பிறகு. முதலில் எந்தக் குழு எந்தச் சுருதியில், அதாவது எந்த அடிப்படை ஒலி உயரத்தில், பாடும் என்று எழுதி வாங்குங்கள்.

கோயில் பண்ணிசைக் குழு, பாடசாலைப் பிள்ளைகள், தேவாலயப் பாடகர் குழு எல்லாம் ஒரே மேடையில் சேரும்போது இடறுவது இங்கேதான். சுருதியைக் கட்டை என்றுதான் அளப்பார்கள்; எண் கூடினால் ஒலி உயரும். ஆண்கள் பெரும்பாலும் ஒரு கட்டையை ஒட்டிப் பாடுவார்கள், பெண்கள் ஐந்து கட்டைக்குப் பக்கத்தில். எல்லோரையும் ஒன்றில் கட்டினால் ஒரு பக்கம் கத்தும், மறுபக்கம் முணுமுணுக்கும். ஆகவே அவரவர் சுருதியிலேயே பாடட்டும். ஒரே சுருதிக் குழுக்களை அடுத்தடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் வயலின்காரர் கூட்டிக் குறைத்தே களைத்துவிடுவார். மிருதங்கமும் தாழ்ந்த சுருதிக்கு ஒன்று, உயர்ந்த சுருதிக்கு ஒன்று என இரண்டு வேண்டும்.

நிறைவுக் கூட்டுப்பாடலுக்கு மட்டும் மேல் ஸ்தாயிக்கு அதிகம் ஏறாத பாட்டாக எடுத்து, தம்புரா ஒலியைப் பதிந்து வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். வீட்டிலேயே பழகி வருவார்கள்.

அப்புறம் திகதி. நவம்பர் முதல் ஜனவரி வரை மழை, வேண்டாம். ஆடி அமாவாசைப் பக்கம் ஊரே மாமாங்கேஸ்வரர் கோயில் திருவிழாவில் நிற்கும். ஞாயிறு காலையில் தேவாலயக் குழு வராது. கல்லடிக் கடற்கரையில் மேடை போட எனக்கும் ஆசைதான், ஆனால் மைக்கில் காற்றுத்தான் கச்சேரி செய்யும்.