வேகமானியின் அளவிலிருந்து மாக் எண்ணைக் கணக்கிடுவது எப்படி?

ஒரு பயணிகள் விமானம் 35,000 அடியில் பறக்கிறது. வேகமானி 264 நாட் (மணிக்கு 264 கடல் மைல்) காட்டுகிறது. ஒலியின் வேகத்தில் எத்தனை பங்கு வேகத்தில் அது செல்கிறது (அந்தப் பங்குதான் மாக் எண்) என்று கேட்டால், பலரும் முதலில் வெளிக்காற்றின் வெப்பநிலையைத்தான் தேடுவார்கள். ஒலியின் வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது என்று படித்த பாடத்தால் வரும் பழக்கம் அது. பாடம் சரிதான், ஆனால் இந்தக் கேள்விக்கு வெப்பநிலை தேவையே இல்லை. அந்த உயரத்தின் காற்றழுத்தம் மட்டும் தெரிந்தால் போதும்.

வேகமானி உண்மையில் வேகத்தை அளப்பதில்லை. முன்னோக்கித் திறந்திருக்கும் பிட்டோ குழாயின் வாயில் மோதி நிற்கும் காற்றின் அழுத்தத்திலிருந்து, விமானத்தின் பக்கவாட்டுத் துளை வழியே வரும் நிலையழுத்தத்தை, அதாவது சுற்றுக் காற்றின் அழுத்தத்தை, கழித்தால் எஞ்சும் மோதல் அழுத்தத்தையே அது அளக்கிறது. கடல்மட்டத்துக் காற்றில் எந்த வேகத்தில் சென்றால் அதே அளவு மோதல் அழுத்தம் உண்டாகுமோ, அந்த வேகத்தை முள் காட்டுகிறது. மாக் எண்ணைத் தீர்மானிப்பதோ, அதே மோதல் அழுத்தத்துக்கும் அந்த உயரத்தின் நிலையழுத்தத்துக்கும் உள்ள விகிதம். காற்று சூடாக இருந்தால் அடர்த்தி குறைந்து, அதே மோதல் அழுத்தத்தைப் பெற விமானம் கூடுதல் வேகத்தில் செல்ல வேண்டியிருக்கும். ஆனால் ஒலியின் வேகமும் அதே விகிதத்தில் கூடிவிடுவதால் இரண்டும் ஈடாகிவிடுகின்றன. பழைய இயந்திர மாக்மானிக்குள் வெப்பமானி எதுவும் கிடையாது. மோதல் அழுத்தத்துக்கு ஒன்றும் நிலையழுத்தத்துக்கு ஒன்றுமாக இரண்டு உலோகப் பெட்டிகள் விரிந்து சுருங்க, அவற்றை இணைக்கும் நெம்புகோல்கள் முள்ளை நகர்த்தும்.

இனிக் கணக்குக்கு வருவோம். அடுக்குப் போடக்கூடிய கால்குலேட்டர் ஒன்று வேண்டும். கருவிப் பிழையும், துளைகள் அமைந்த இடத்தால் வரும் பிழையும் திருத்தப்பட்டுவிட்டதாகக் கொள்வோம். முதலில் 264-ஐ 661.5-ஆல் வகுக்கவும், 661.5 நாட் என்பது 15 டிகிரி செல்சியஸில், கடல்மட்டத்தில், ஒலியின் வேகம். கிடைக்கும் 0.399-ஐ வர்க்கமாக்கி, 0.2-ஆல் பெருக்கி, 1-ஐக் கூட்டினால் 1.0319 வரும். அதை 3.5 அடுக்குக்கு உயர்த்தி 1-ஐக் கழித்தால் 0.116. கடல்மட்ட அழுத்தத்தின் பங்காகச் சொன்ன மோதல் அழுத்தம் இதுதான். திட்ட வளிமண்டலத்தில் (கணக்குக்காக வகுத்துக்கொண்ட சராசரி வளிமண்டலத்தில்) 35,000 அடியில் காற்றழுத்தம் 238.4 ஹெக்டோபாஸ்கல், அதாவது கடல்மட்டத்தின் 1013.25-இல் 0.2353 பங்கு. 0.116-ஐ இதனால் வகுத்தால் 0.493. இனி வந்த வழியிலேயே திரும்ப வேண்டும்: 1-ஐக் கூட்டி, 3.5-ஆம் மூலம் எடுத்து (0.2857 அடுக்கு என்று போடலாம்), 1-ஐக் கழித்து, 5-ஆல் பெருக்கி, வர்க்கமூலம் காணவும். விடை 0.78.

உயரம் என்று இங்கே சொல்வது, உயரமானியை 1013.25 ஹெக்டோபாஸ்கலில் வைத்துப் படிக்கும் அழுத்த உயரம். உள்ளூர் அழுத்தத்தை வைத்துப் படித்த உயரத்தைப் போட்டால் விடை பிசகும்.

வெப்பநிலைக்கு வேலை வருவது அடுத்த கட்டத்தில்தான். காற்றினூடே உண்மையான வேகம் வேண்டுமென்றால், வெளிக்காற்றின் வெப்பநிலையைக் கெல்வினுக்கு மாற்றி, வர்க்கமூலம் எடுத்து, 38.97-ஆல் பெருக்கினால் அங்கே ஒலியின் வேகம் நாட் அளவில் கிடைக்கும். 35,000 அடியின் திட்ட வெப்பநிலை மைனஸ் 54 டிகிரி, அதாவது 219 கெல்வின், ஒலியின் வேகம் 577 நாட், அதன் 0.78 பங்கு 450 நாட். அதே உயரத்தில் காற்று அதைவிட 10 டிகிரி சூடாக இருந்தால் ஒலியின் வேகம் 590 ஆகும், உண்மை வேகம் 460 ஆகும். வேகமானியில் 264-உம் மாக் 0.78-உம் அப்படியே இருக்கும். இங்கே ஒரு கண்ணி உண்டு. விமானத்தின் வெப்ப உணரியில் காற்று மோதிச் சூடேறுவதால், வெளியே மைனஸ் 54 இருக்கும்போது அது சுமார் மைனஸ் 28 காட்டும். அதை அப்படியே கணக்கில் போடக் கூடாது. கெல்வினில், மாக் எண்ணின் வர்க்கத்தை 0.2-ஆல் பெருக்கி 1-ஐக் கூட்டிய எண்ணால் வகுத்த பிறகே பயன்படுத்த வேண்டும்.

அந்த உயரத்தின் காற்றடர்த்திக்கும் கடல்மட்டக் காற்றடர்த்திக்கும் உள்ள விகிதத்தின் வர்க்கமூலத்தால் வேகமானி அளவை வகுத்தால் போதும் என்ற குறுக்குவழி சிறிய விமானங்களுக்குப் பொருந்தும். இங்கே அதைப் போட்டால் 264-ஐ 0.557-ஆல் வகுத்து 474 நாட், மாக் 0.82 என்று வரும். ஏர்பஸ் ஏ320-இன் உச்ச வரம்பே 0.82 என்பதால், ஒழுங்காகப் பறக்கும் விமானத்தை அந்தக் கணக்கு வரம்பின் விளிம்பில் நிறுத்திவிடும். பிட்டோ குழாயின் வாயில் காற்று அமுங்குவதைக் கணக்கில் சேர்க்காததுதான் பிழை.

வேகமானியை 300 நாட் அளவில் நிறுத்தியபடி மேலே ஏறினால், மாக் எண் கடல்மட்டத்தில் 0.45, 10,000 அடியில் 0.54, 20,000 அடியில் 0.65 என்று வளர்ந்து, 29,300 அடியளவில் 0.78-ஐத் தொடும். விமானிகள் அந்த இடத்தில் வேகமானியை விட்டு மாக் எண்ணைப் பிடித்துக்கொள்கிறார்கள். விடாமல் 300-லேயே ஏறினால் 35,000 அடியில் மாக் 0.87 ஆகிவிடும். மாக் 0.78-ஐப் பிடித்தபடி ஏறும்போது வேகமானி 264-க்கு இறங்குகிறது. காற்று குளிர்ந்துகொண்டே போவதால் உண்மை வேகமும் 461-இலிருந்து 450 நாட் ஆகக் குறைகிறது.

இந்தக் கணக்கு மாக் 1 வரைக்கும்தான். அதற்கு மேல் பிட்டோ குழாய்க்கு முன்னால் அதிர்ச்சி அலை நின்றுவிடும். குழாய்க்குள் வருவது அந்த அலையைக் கடந்து அழுத்தம் இழந்த காற்று என்பதால், அந்த இழப்பையும் சேர்த்துக் கணக்கிடும் ராலேயின் சமன்பாட்டைக் கையாள வேண்டும்.