புதன்கிழமை வேதபாடம்: வீட்டில் தொடங்குவது எப்படி

புத்தாண்டு ஆராதனையில் வாங்கிய, பைபிள் வசனம் ஒன்று அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை நம் வீட்டுச் சுவரில் வருஷம் முழுக்கத் தொங்கும். உங்களுக்குத் தீமையை அல்ல, சமாதானத்தையே நினைத்திருக்கிறேன் என்று ஆண்டவர் சொல்கிற எரேமியா 29:11 வந்துவிட்டால் சந்தோஷம்தான். ஆனால் அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம், அதற்கு முந்தின வசனத்திலேயே எழுபது வருஷம் காத்திருக்க வேண்டும் என்று இருக்கிறது என்பதை எத்தனை பேர் பார்த்திருப்போம்? வசனம் தெரிகிறது, புத்தகம் தெரியவில்லை. அதனால் வசனங்களைப் பொறுக்காமல், பைபிளில் ஒரு புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை வாரம் ஒருநாள் வீட்டில் கூடிச் சேர்ந்து வாசியுங்கள், அதுதான் வேதபாடம்.

முதலில் போதகர் ஐயாவிடம் சொல்லிவிடுங்கள், தனிக்கூட்டம் சேர்க்கிறார்கள் என்ற பேச்சு வராது. எட்டுப் பத்துப் பேர் போதும். இயேசுவின் கதையைச் சொல்லும் மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குவது நல்லது. 16 அதிகாரம், வாரம் ஒன்று, நாலு மாதத்துக்குள் முடிந்துவிடும்.

அதிகாரத்தைச் சத்தமாக வாசிக்க வேண்டும், ஆளுக்குக் கொஞ்சமாக. வாசிக்கத் தெரியாத பாட்டிமார் கேட்கட்டும், பல நேரம் அவர்களுக்குத்தான் கதை நன்றாக ஞாபகம் இருக்கும். பழைய மொழிபெயர்ப்பில் ஆயக்காரன், திமிர்வாதக்காரன் என்று வரும்போது பிள்ளைகள் விழிப்பார்கள், அப்போது 1995இல் வந்த திருவிவிலியம் என்ற புது மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அவர் வரி வசூலிப்பவர், இவர் முடக்குவாதக்காரர் என்று உடனே புரிந்துவிடும்.

அப்புறம் கேள்விகள். இங்கே என்ன நடந்தது, எது புரியவில்லை, நாம் அங்கே இருந்தால் என்ன செய்திருப்போம், இந்த மூன்றே போதும். இரண்டாம் அதிகாரத்தில் நாலு பேர் கூரையைப் பிரித்து நோயாளியை இறக்குகிறார்கள் இல்லையா, அந்தக் கூரை யாருடையது, அதை யார் சரிசெய்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள், இதுவரை வாயே திறக்காதவர்கூடப் பேசுவார். நடத்துகிறவர் பிரசங்கம் பண்ணக் கூடாது. இதுதான் ரொம்பக் கஷ்டம், எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சாப்பாட்டு விஷயத்தில் கறாராக இருங்கள்: டீ, சுண்டல், அவ்வளவுதான். ஒரு வீட்டில் பஜ்ஜி போட்டால் அடுத்த வீட்டில் பிரியாணி வரும், பிறகு வசதி குறைந்தவர்கள் எங்கள் வீட்டில் வேண்டாம் என்று ஒதுங்கிவிடுவார்கள். கூட்டம் எல்லா வீட்டுக்கும் சுற்றி வர வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் எந்த அதிகாரம், யார் வீடு என்பது மட்டும், ஃபார்வர்டு வேண்டாம். ஜெபக் குறிப்பாகச் சொன்னது அந்த அறையைத் தாண்டக் கூடாது, ஒருமுறை தாண்டினால் அப்புறம் எல்லாரும் 'சுகத்துக்காக ஜெபியுங்கள்' என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். இரண்டு வாரம் வராதவருக்கு மெசேஜ் போடாமல் நேரில் போய்ப் பாருங்கள்.

மாற்கு முடிந்ததும் பழைய ஏற்பாட்டில் ரூத் புத்தகத்தை எடுங்கள். நாலே அதிகாரம்தான், ஆனால் மாமியார் மருமகள் கதை, சொன்ன நேரத்துக்குக் கூட்டத்தை முடிப்பதுதான் பாடாக இருக்கும்.