ஏற்காட்டுக் காபித் தோல் ஆடிப்பட்டத்துக்கு உரமாகும்

ஏற்காட்டுத் தோட்டங்களில் காபிப் பழத்தை இயந்திரத்தில் உரித்தபின் மிஞ்சும் ஈரத் தோலை, அறுவடை முடியும் மாசி மாதத்திலேயே வாங்கி, சாணக் கரைசல் தெளித்து நிழலில் குவித்து, மாதம் ஒருமுறை கிளறி மட்க வைத்தால், சேலத்து மானாவாரி நிலங்களில் ஆடிப்பட்ட விதைப்புக்குச் செலவு குறைந்த மட்கு உரம் தயாராகிவிடும். குவியலில் ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் கை நனைய வேண்டும், நீர் சொட்டக் கூடாது. மட்கிய உரத்தை நிலம் முழுவதும் இறைக்காமல் விதைக்கும் சாலிலேயே இட்டு மண்ணால் மூடுவது நல்லது. இருக்கும் சிறிதளவு உரமும் வேருக்கு அருகில் கிடைக்கும், வெயிலில் காய்ந்து வீணாகாது.

காபித் தோலில் சாம்பல் சத்து மிகுதி. அதோடு மட்கிய கரிமப் பொருள் மண் துகள்களைப் பிணைத்து, பெய்கிற கொஞ்ச மழையையும் ஓடவிடாமல் பிடித்து வைக்கிறது. பச்சையாக இட்டால் நிலைமை தலைகீழ்: அதிலுள்ள காஃபீனும் டானினும் முளைப்பைத் தடுக்கக்கூடும், அதை மட்கவைக்கும் நுண்ணுயிர்களோ பயிருக்குரிய தழைச்சத்தைத் தாமே எடுத்துக்கொள்ளும்.

பழத்தை உலர்த்திக் குத்தும்போது வரும் காய்ந்த உமிக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அது மட்க இன்னும் நெடுநாள் பிடிக்கும். மலையிலிருந்து ஏற்றிவரும் வாடகை அதிகமானால், உள்ளூரில் கிடைக்கும் நிலக்கடலைத் தோலை மட்கவைக்கலாம், ஆனால் அதுவும் மட்க நெடுநாள் பிடிக்கும். கிணற்றை ஒட்டி மட்டும் குவிக்க வேண்டாம், வடியும் சாறு தண்ணீரைக் கெடுக்கும்.