திரும்பி வந்த குளுக்கோமீற்றரை ஆராய்வது எப்படி?

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் என் வேலையைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். மருத்துவக் கருவி செய்யும் நிறுவனத்தில், பிழை என்று திரும்பி வரும் சாமான்களை ஆராய்வதுதான் என் வேலை. எங்கள் ஊர்ப்பக்கமிருந்து வந்த ஒரு முறைப்பாட்டை வைத்தே சொல்கிறேன். ஓர் ஆச்சியின் குளுக்கோமீற்றர், அதாவது இரத்தத்தில் சீனி அளக்கும் கருவி, வீட்டில் 290 காட்டியிருக்கிறது. அரை மணி கழித்து ஆஸ்பத்திரியில் 140.

1. பெட்டி வந்ததும் மீற்றரை ஓன் பண்ணிப் பார்க்கக் கை துருதுருக்கும். வேண்டாம். கையுறை போட்டுக்கொண்டு, வந்த கோலத்திலேயே படம் எடுங்கள். தொடர் இலக்கம், ஸ்ட்ரிப் (மீற்றரில் செருகி இரத்தத் துளி விடும் சோதனைப் பட்டி) போத்தலின் தொகுதி இலக்கம், காலாவதித் திகதி எல்லாவற்றையும் எழுதுங்கள். இரத்தம் பட்ட சாமான், தொற்றுநீக்கத்தான் வேண்டும். ஆனால் படம் எடுத்த பிறகு. துடைத்த கறை திரும்பி வராது.

2. நினைவகத்தில் உள்ள அளவீடுகளை முதலில் இறக்குங்கள். பற்றரியைக் கழற்றினால் சில மீற்றர்களில் நேரமும் திகதியும் போய்விடும். நான் ஒருமுறை அப்படிச் செய்து பேச்சு வாங்கினேன்.

3. யாருக்காவது பாரதூரமான பாதிப்பு நடந்ததாக முறைப்பாட்டில் இருந்தால் அன்றைக்கே மேலதிகாரியிடம் சொல்லுங்கள். அமெரிக்கச் சந்தையில் விற்கும் கருவி என்றால் உற்பத்தியாளர் 30 நாளுக்குள் அந்நாட்டு அரச அமைப்பான FDA-க்கு அறிவிக்க வேண்டும். அந்த நாட்கள் விஷயம் நிறுவனத்துக்குத் தெரிந்த நாளிலிருந்து ஓடும், நீங்கள் ஆராய்ந்து முடித்த நாளிலிருந்து அல்ல.

4. இனித்தான் சோதனை. திரும்பி வந்த மீற்றரில் புது ஸ்ட்ரிப், புது மீற்றரில் திரும்பி வந்த ஸ்ட்ரிப் என்று மாற்றி மாற்றிக் கட்டுப்பாட்டுத் திரவத்தை (எவ்வளவு காட்ட வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்த சீனித் திரவம்) விட்டுப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் குற்றவாளி அகப்படும். போத்தல் மூடி சரியாக மூடுகிறதா என்றும் பாருங்கள். ஸ்ட்ரிப்புக்கு ஈரமும் ஆகாது, தகரக்கூரைக்குக் கீழே வேகும் சூடும் ஆகாது.

ஆச்சியின் மீற்றரும் ஸ்ட்ரிப்பும் எல்லாச் சோதனையிலும் தேறின. "பிழை இல்லை" என்று எழுதி மூடியிருக்கலாம். மனம் கேட்கவில்லை, போன் எடுத்தேன்.

"ஆச்சி, குத்திப் பார்க்க முதல் என்ன செய்துகொண்டிருந்தனீங்கள்?"

"பனங்களி பினைஞ்சுகொண்டிருந்தனான் தம்பி. கையைச் சீலையிலை துடைச்சிட்டுத்தான் குத்தினனான்."

விரலில் பழச்சாறு ஒட்டியிருந்தால் அந்தச் சீனியும் இரத்தத் துளியோடு சேர்ந்து அளவு கூடிக் காட்டும். துடைத்தால் போதாது, சவர்க்காரம் போட்டுக் கழுவிக் காயவிட வேண்டும்.

5. அறிக்கையில் "பாவனையாளர் பிழை" என்று ஒற்றை வரியில் முடிக்காதீர்கள். என்ன சோதித்தீர்கள், என்ன வந்தது, எதை உறுதியாகச் சொல்ல முடியாது என்று பிரித்து எழுதுங்கள். பனங்களிதான் காரணம் என்று நான் எழுதவில்லை. "இருக்கக்கூடிய காரணம்" என்றே எழுதினேன். கூடவே பெட்டிக்குள் இருந்த துண்டுப்பிரசுரத்தையும் விரித்துப் பார்த்தேன். கை கழுவச் சொல்லும் வரி பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது. அதையும் படம் எடுத்து அறிக்கையோடு இணைத்தேன்.